காவற்காரனின் கூக்குரல்

சென்ற ஆண்டு, பொருளியற் கருத்தரங்கொன்றிற்காக மறைகுறி நாணயங்களைப் பற்றிக் கட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 2009 ஜனவரியிலே பிட்கொயின் இயங்கத் தொடங்கிய வரலாற்றைப் படித்திருந்தேன். ஆயினும், அத்தகைய நாணயத்தைக் கையாளும் ‘பணப்பை’ மென்பொருளொன்றைக் கண்ணாற் காணாது எழுத மனம் ஒப்பவில்லை. சொந்தமாகக் கணினியில்லாத நான், விடுதி அறைத்தோழனின் கணினியை ஓரிரவு இரவல் பெற்றேன்.

பணப்பை வந்திறங்கியதுதான் தாமதம், வைரஸ் தடுப்பு மென்பொருள் செந்நிற எச்சரிக்கை காட்டி அதனைச் சிறைப்படுத்திவிட்டது. தோழனின் முகம் வெளிறியது. “மச்சான், என்ரை ஆய்வுக்கட்டுரை முழுக்க இதுக்குள்ளைதான் கிடக்கு” என்றான். பணப்பையை ஆக்கியோரின் குறிப்போ, அது பொய் எச்சரிக்கையென்றும் அஞ்சவேண்டியதில்லையென்றும் கூறிற்று. காவலை நிறுத்தக் கையை நீட்டினேன். “அவையள் சொன்னவுடனை நம்புறதே?” என்று தடுத்தான்.

அக்கேள்வி என்னைச் சுட்டது. ஆக்கியோர் கூறியதிலும் நியாயம் இருந்தது. சில பணப்பைகளில் நாணயம் அகழும் நிரலும் சேர்ந்திருக்கும். அதே வகை நிரலைத்தான் திருடர்கள் பிறர் கணினிகளில் இரகசியமாகப் புகுத்துகின்றனர். மேலும், சான்றிதழ் நிறுவனத்தின் உறுதிபெற்ற கையொப்பமில்லாத, சிலரே இறக்கிய புதிய கோப்பினைக் காவற்காரன் ஐயுறுவது இயல்பே. ஆனால், “அது பொய்க்குரல், கதவைத் திற” என்று நல்லவன் சொல்லும் அதே சொல்லைத்தானே திருடனும் சொல்வான்?

இது வெறுங் கற்பனையன்று. 2019 நவம்பர் 18ஆம் திகதி, மொனெரோ நாணயத்தின் உத்தியோகபூர்வத் தளத்திலேயே பணப்பைக் கோப்புகள் சிறிது நேரம் மாற்றப்பட்டு, நாணயந் திருடும் கோப்புகள் வழங்கப்பட்டன. அதனை வெளிக்கொணர்ந்தவர் ஒரு சாதாரண பயனர். தாம் இறக்கிய கோப்பின் ‘ஹாஷ்’ குறிவரிசை, வெளியிடப்பட்ட குறிவரிசையோடு பொருந்தவில்லையென அவர் கண்டறிந்தார்.

எஸ்.எச்.ஏ-256 முறையிற் பெறப்படும் இவ்வரிசை, இலக்கமும் எழுத்துமாய் 64 குறிகளைக் கொண்டது. கோப்பில் ஓரணு மாறினாலும் வரிசை முற்றாக வேறுபடும். கோப்பை மாற்றியவன் பட்டியலையும் மாற்றக்கூடும் என்பதால், அப்பட்டியலில் ஆக்கியோர் இட்ட மறைகுறிக் கையொப்பத்தையும் சோதித்தல் வேண்டும்.

நாங்கள் முதலிற் கையொப்பத்தைச் சோதித்தோம். பின்னர் தோழன் ஒவ்வொரு குறியாக வாசிக்க, நான் பட்டியலில் விரல் வைத்துத் தொடர்ந்தேன். 64உம் பொருந்தின. ஆக்கியோர் அனுப்பிய கோப்பே எம்மிடம் வந்துள்ளது என்பதற்கு அதுவே சான்று. அவர்கள் நேர்மையாளர் என்பதற்கன்று. அவர்களை நம்புவதா என்ற முடிவு எம்முடையதாகவே எஞ்சியது. நெடுநேரம் யோசித்தபின், காவலை நிறுத்தாமல் அந்த ஒரு கோப்பை மாத்திரம் விடுவிக்கத் தோழன் இசைந்தான்.

புலி வருகிறதென்று பொய்க்குரலெழுப்பிய இடையனின் கதையைச் சிறுவயதிற் கேட்டோம். பழி முழுவதும் இடையன்மீதே சுமத்தப்பட்டது. ஆயினும், கடைசிநாளில் ஊரவரில் ஒருவரேனும் எழுந்துபோய்ப் பார்த்திருந்தால் ஆடுகள் பிழைத்திருக்குமே! கூக்குரலை அப்படியே நம்புவதும் சோம்பல். அப்படியே புறக்கணிப்பதும் சோம்பல். எழுந்துபோய்ப் பார்ப்பதே அறிவு. அன்றிரவு அதனை எனக்குக் கற்பித்தவன், இரவற் கணினி தந்த என் தோழனே.