ஈரம் குடித்த உப்பு

மாங்கனீசு நைட்ரேட்டு வெளிர் இளஞ்சிவப்பு நிறப் படிகமாகப் புட்டியில் வரும். கடலை ஒட்டிய ஊரில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால், மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் குடித்துக்கொள்ளும். சில வாரங்களில் படிகங்கள் வடிவிழந்து பாகாய்க் கசியும். உப்பு ஜாடிக்குள் அரிசி மணிகளைப் போட்டுவைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள் மூவரும். அந்தக் கசிவின் பொருள் எங்களுக்கு முதல் பார்வையிலேயே விளங்கியிருக்க வேண்டும். 1996 ஆம் ஆண்டில் அது விளங்கவில்லை.

அப்போது நாங்கள் ஆய்வு மாணவர்கள். எங்களுக்கு வாய்த்த பொருள் லாந்தனம் மாங்கனைட்டு. லாந்தனமும் மாங்கனீசும் ஒன்றுக்கு ஒன்றாய் ஆக்சிஜனோடு சேர்ந்த கலப்பு ஆக்சைடு. 1839 இல் யூரல் மலைக் கனிமம் ஒன்றை ஆராய்ந்த குஸ்தாவ் ரோசே என்ற ஜெர்மானியர், ருஷ்யப் பிரபு பெரோவ்ஸ்கியின் பெயரால் அதைப் பெரோவ்ஸ்கைட்டு என்று அழைத்தார். அதே படிக அமைப்பைச் சேர்ந்தது எங்கள் பொருளும். லாந்தனத்தில் ஒரு பங்கை நீக்கி ஸ்ட்ரான்சியத்தையோ கால்சியத்தையோ அமர்த்தினால் அது காந்தமாகும் என்பதை ஹாலந்தின் ஜோன்கரும் வான் சான்டெனும் 1950 இல் காட்டியிருந்தார்கள். எங்கள் திட்டமும் அதுவே. முதலில் தாய்ச் சேர்மத்தைச் செம்மையாகச் செய்துவிட்டுப் பிறகு கலப்புகளுக்குச் செல்லலாம் என்றிருந்தோம்.

இரண்டு ஆக்சைடுகளைக் கல்வத்தில் அரைத்து உலையில் இடுவதே பழைய வழி. அரைத்த மணி ஒவ்வொன்றும் ஒரு மைக்ரான் அளவிருந்தாலும், அதன் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குள் சுமார் 2,500 படிகக் கூடுகள் வரிசையாக அடங்கிவிடும். ஒரு லாந்தன அயனி தன் துணையைச் சந்திக்க அத்தனை கூடுகளையும் கடந்தாக வேண்டும். ஆகவேதான் 1,200, 1,300 டிகிரி வெப்பமும், நாட்கணக்கான காத்திருப்பும், இடையிடையே மீண்டும் அரைத்தலும் வேண்டியிருந்தன. தொலைவு நூறில் ஒன்றாகக் குறைந்தால் பயண நேரம் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறையும். அப்படியானால் நெருப்புக்கு முன்பே உலோகங்களை அருகருகே அமர்த்திவிட்டால் என்ன?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் ஸ்பிரேக் மின்பொருள் நிறுவனத்தில் பணியாற்றிய மாஜியோ பெச்சினி ஒரு விடை கண்டார். மின்தேக்கிகளுக்கான டைட்டனேட்டுகளையும் நயோபேட்டுகளையும் செய்ய அவர் வகுத்த முறைக்கு 1967 இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அதற்கு வேண்டியவை எளியவை: உலோக உப்புகள், எலுமிச்சைப் புளிப்பின் சாரமான சிட்ரிக் அமிலம், கார் எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் எத்திலீன் கிளைக்கால். சிட்ரிக் அமிலம் கரைசலில் உள்ள உலோக அயனிகளைத் தன் அமிலக் கைகளால் பற்றிக்கொள்கிறது. சூடேறும்போது கிளைக்கால் அந்த அமிலங்களை ஒன்றோடொன்று கோத்து நீரை வெளியேற்றுகிறது. கரைசல் பிசினாகிறது. பிசினுக்குள் சிக்கிய உலோகங்கள் ஓடிப்போய்த் தத்தம் இனத்தோடு சேர வழியில்லை; இரண்டும் கலந்தபடியே உறைந்துவிடுகின்றன. பிறகு பிசினை எரித்துவிட வேண்டியதுதான்.

அது எங்களுக்கு மிகவும் பிடித்த வேலையாக இருந்தது. அல்வா கிண்டுவதைப் போல, கிளறும் கோல் கனக்கும் வரை காத்திருப்போம். நைட்ரேட்டு சிதைந்து செம்பழுப்புப் புகை எழும். முகவையை நிறைத்துக்கொண்டு பிசின் பொங்கும். ஒருமுறை பொங்கி வழிந்து அடுப்புத் தட்டையே மூடிவிட்டது. 350 டிகிரியில் கருகிய நுரையை மூசைக்கு மாற்றி 800 டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்தால், விரலிடையில் மாவுபோல் நழுவும் கரும்பொடி கிடைக்கும். அதை வில்லைகளாக அழுத்தி 1,100 டிகிரியில் சுட்டோம். உலையிலிருந்து எடுத்த சூடு ஆறுவதற்குள் எக்ஸ் கதிர் வரைபடம் எடுத்தோம்.

எதிர்பார்த்த முகடுகள் எல்லாம் எதிர்பார்த்த இடங்களில் நின்றன. ஆனால் 30 டிகிரியை ஒட்டி ஒரு சிறு மேடும் இருந்தது. கருவியின் இரைச்சல் என்று ஒருவர் சொன்னார். மற்ற இருவரும் மறுக்கவில்லை. அக்காலத்தில் கட்டுரைக்கான படங்களை வரைதாளில் இந்திய மையால் கையால் படியெடுப்பது வழக்கம். எங்கள் வரைபடத்தைப் படியெடுத்த பேனா 30 டிகிரியில் ஏறாமல் நேராகச் சென்றது. ஒரு மில்லிமீட்டர் உயரம், அவ்வளவுதான். மேசையைச் சுற்றி மூவருமே இருந்தோம். எவர் கையில் பேனா இருந்தது என்பதை நாங்கள் பின்னர் பேசிக்கொண்டதில்லை. இக்கட்டுரை 'நாங்கள்' என்றே எழுதப்படுவதற்கு அதுவே காரணம்.

கட்டுரை அனுப்பப்பட்டது. மழைக்காலம் வந்தது. கார்த்திகையில் ஒருநாள் மாதிரிப் பெட்டியைத் திறந்தபோது வில்லைகள் இல்லை. அவை இருந்த குழிகளில் சாம்பல் நிறப் பொடி கிடந்தது. எவரும் தொடவில்லை, எதுவும் விழவில்லை. கல்போல் இறுகியிருந்தவை தாமாகவே உதிர்ந்திருந்தன.

பொடியை மீண்டும் எக்ஸ் கதிருக்கு வைத்தோம். 30 டிகிரியில் இருந்த மேடு மறைந்து, லாந்தனம் ஹைட்ராக்சைடுக்கு உரிய முகடுகள் வேறு இடங்களில் முளைத்திருந்தன. எல்லாம் விளங்கிற்று. அந்த மேடு இரைச்சல் அல்ல. துணை கிட்டாமல் எஞ்சிய லாந்தனம் ஆக்சைடு. அது ஈரத்தைக் குடித்து ஹைட்ராக்சைடாகும்போது ஏறத்தாழ எழுபது விழுக்காடு பருக்கும். வில்லைக்குள் ஆங்காங்கே ஒளிந்திருந்த துகள்கள் அப்படிப் பருத்துத்தான் அதைப் பிளந்திருக்கின்றன.

லாந்தனம் ஏன் எஞ்சியது? லாந்தனம் ஆக்சைடு ஈரம் இழுக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் அதை 1,000 டிகிரியில் சுட்டு, டெசிகேட்டரில் ஆறவைத்து எடைபோட்டு, பிறகே நைட்ரிக் அமிலத்தில் கரைத்தோம். அந்தக் கவனத்தில் எங்களுக்குப் பெருமிதம்கூட உண்டு. மாங்கனீசு நைட்ரேட்டை மட்டும் புட்டியின் சீட்டை நம்பி எடைபோட்டோம். சீட்டு நான்கு நீர் மூலக்கூறுகள் என்றது. அப்படியானால் மூலக்கூறு எடை 251. ஈரம் குடித்து ஆறு நீர் மூலக்கூறுகள் ஆகியிருந்தால் எடை 287. நாங்கள் மாங்கனீசு என்று நிறுத்ததில் எட்டில் ஒரு பங்கு வெறும் தண்ணீர்.

பெச்சினியின் முறையில் குற்றமில்லை. பிசின் தன்னிடம் தந்ததை அப்படியே காத்துத் தந்தது. எங்கள் குறைவையும் அது அணுவளவில் சீராகப் பரப்பி வைத்திருந்தது. கலப்பது எப்படி என்பதையே ஓராண்டாகக் கற்றுவந்த நாங்கள், எதைக் கலக்கிறோம் என்று கேட்க மறந்திருந்தோம்.

நெறியாளரிடம் சொல்வதா என்று இரண்டு இரவுகள் பேசினோம். மதிப்பீட்டாளர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். புதிய வில்லைகளைச் சரியாகச் செய்து பழைய படத்தின் இடத்தில் வைத்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. ஆனால் அக்கட்டுரையில் இருந்த மின்தடை அளவுகள் எல்லாம் உதிர்ந்துபோன வில்லைகளின் அளவுகள். மூன்றாம் நாள் காலை பொடியையும் அசல் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தோம். அவர் வெகுநேரம் பேசாமலிருந்து, கடிதத்தை நீங்களே எழுதுங்கள் என்று மட்டும் சொன்னார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எங்களில் ஒருவருக்கு உதவித்தொகைக் காலம் அத்துடன் முடிந்தது. அவர் மாலைகளில் தனிப்பயிற்சி வகுப்பெடுத்துக்கொண்டு பகலில் எல்லா அளவீடுகளையும் முதலிலிருந்து செய்தார். பட்டம் பெற மேலும் ஒன்றரை ஆண்டு ஆயிற்று. எங்களுக்காக இழந்தேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

அதன் பின் எந்த உப்பையும் சீட்டை நம்பி நிறுத்ததில்லை. முதலில் நீரில் கரைப்போம். அளந்த கரைசலை மூசையில் வற்றவைத்து, எடை மாறாது நிற்கும்வரை சுட்டு, எஞ்சிய ஆக்சைடை நிறுத்து, உலோகம் எவ்வளவு என்று கணக்கிட்ட பிறகே சிட்ரிக் அமிலத்தைத் தொடுவோம். ஒரு நாள் கூடுதலாகும். எங்களிடம் பயில வந்த மாணவர்கள் இதை வீண் வேலை என்று முணுமுணுத்தது உண்டு.

அந்தச் சாம்பல் நிறப் பொடியில் ஒரு சிட்டிகை இன்னும் எங்களிடம் இருக்கிறது. சிறு கண்ணாடிக் குப்பியில், பென்சிலால் எழுதிய சீட்டோடு: லாந்தனம் 1, மாங்கனீசு 0.875.