பக்கிங்

ஆசிரியர் கேட்டது கடந்த பத்தாண்டுக் கவிதை பற்றிய ஒரு கட்டுரை. இரண்டு தடவை தொடங்கி நிறுத்திவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கவிதைக்குப் பதிலாக ஒரு பழைய காரின் டிபரென்ஷியல்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதை எழுதித் தொலைத்தால் மற்றதற்கு வழி பிறக்கலாம்.

அண்ணை 2009இல் இறந்தார். அவருடைய ஃபோர்ட் சியரா அதற்கும் நாலைந்து வருஷம் முன்பிருந்தே கராஜுக்குள் கிடந்தது. 1988ஆம் ஆண்டுக் கார். அவர் 1993இல் பழையதாக வாங்கி, பகலில் வேலை, இரவில் வாடகை ஓட்டம் என்று அதை உருட்டி எடுத்தவர். அடித்தளத்தைக் கறள் தின்றுவிட்டது. எஞ்சின் இறுகிப்போயிருந்தது. வீட்டை விற்கப்போவதாகவும் கராஜை வெறுமையாக்கித் தரும்படியும் 2011 மாரியில் அண்ணி சொன்னா. பழைய இரும்புக்காரனைக் கூப்பிடத்தான் இருந்தேன். எனக்குப் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற இயந்திரப் பொருத்துநர் ஒருவர், ஆங்கிலேயக் கிழவர், இருந்தார். தன்னால் முடிக்கமுடியாமற் போன ஒரு கிற் காரின் இரும்புச் சட்டம் கொட்டிலில் கிடக்கிறது என்றும், சியராவின் கியர்பொக்ஸும் பின்பக்கச் சாமான்களும் அதற்கு அப்படியே பொருந்தும் என்றும் அவர் சொன்னார். ஏன் ஓம் என்றேன் என்பதற்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான பதில் இல்லை. கவிதை எழுதி நெடுநாளாகிவிட்டது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

கிற் கார் என்பது ஆங்கிலேயரின் ஒரு விசித்திரம். 1957இல் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற சின்னக் காரைக் கொண்டுவந்தபோது, பூட்டி முடித்த காருக்குக் கொள்வனவு வரி இருந்தது. பாகங்களாகப் பெட்டியில் வாங்கினால் இல்லை. பெட்டியோடு பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக்கூடாது என்று வரிக்காரர் சொல்ல, லோட்டஸ்காரர் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தால் சரி. கிழவர் இதை எத்தனை தடவை சொன்னாலும் முதற்தடவை போலச் சிரிப்பார். 1973இல் பெறுமதி சேர் வரி வந்து அந்தச் சலுகை போயிற்று. செவனைச் செய்யும் உரிமையும் அதே வருஷம் கேற்றர்ஹாம் நிறுவனத்துக்குப் போயிற்று. ஆனால் பழக்கம் போகவில்லை. 250 பவுணுக்குள் கார் கட்டுவது எப்படி என்று 1996இல் ரொன் சாம்பியன் எழுதிய புத்தகத்தைப் பார்த்து எத்தனையோ பேர் கராஜுக்குள் இரும்புக் குழாய் ஒட்டத் தொடங்கினார்கள். சட்டம் புதிது, ஓடவைக்கும் உறுப்புகள் செத்த காரொன்றினுடையவை.

அந்த உறுப்புகளைத் துப்புரவாக்குவதுதான் என் பங்குக்கு வந்தது. கியர் எண்ணெயின் மணம் அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பல்லுகள் ஒன்றையொன்று அரைக்காமலிருக்க அதில் கந்தகம் கலந்த பொருள்கள் சேர்ப்பார்கள். கையில் பட்டால் மூன்று நாளைக்குச் சோற்றிலும் அதே வாசம். எண்ணெயும் தெருப்புழுதியும் இருபது வருஷம் சேர்ந்து இரும்பின் மேல் ஒரு விரற்கடைத் தடிப்பில் இன்னொரு ஓடாகியிருந்தன. முதலில் மரச் சீவுளியால் சுரண்டவேண்டும். பிறகு மண்ணெண்ணெய், தூரிகை. பிறகு சவர்க்காரத் தண்ணீர். அதற்கு முன் அச்சுகள் நுழையும் வாய்களையெல்லாம் துணியாலும் ரேப்பாலும் அடைத்துவிட வேண்டும், தண்ணீர் உள்ளே போனால் பெயரிங்குகள் நாசம். கிளச்சின் பக்கத்துத் தூசியை ஊதவேண்டாம், நனைத்துத் துடை என்று கிழவர் கத்தினார். அந்தக் காலத்துக் கிளச்சுத் தட்டுகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கலாம். வெள்ளை அஸ்பெஸ்ரஸை இந்த நாடு 1999இல்தான் தடைசெய்தது. தன்னோடு வேலை செய்தவர்களில் நாலு பேரின் பெயரைச் சொன்னார். பிறகு தேநீர் போடப் போய்விட்டார்.

மண்ணெண்ணெய் மணத்தில் எனக்கு வேறு நினைவுகள் உண்டு. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத வருஷங்களில், மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் சில துளி பெற்றோலில் எஞ்சின் பிடித்து மண்ணெண்ணெயில் ஓடின. வெண்புகையோடு அவை வரும் ஓசை தூரத்திலேயே கேட்கும். நான் 1996இல் வெளியேறியவன். அண்ணை 1984இலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்டார். அந்தப் புகையை அவர் அறியார். என்னை வெளியே எடுப்பதற்கான பணம் முழுவதையும் கட்டியவர் அவர். அதற்காக என்னிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை அவருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் என்னைக் காரோட்டச் சொன்னார், நான் நூலகத்தில் இரவற் புத்தகங்களை அடுக்கினேன். கடைசி ஆறு வருஷம் பெரிதாகக் கதைக்கவில்லை.

டிபரென்ஷியலின் உடல் வார்ப்பிரும்பு, பின்மூடி அலுமினியம். இரண்டுக்கும் நடுவே எண்ணெய் கசியாமலிருக்க ஒரு தடித்த கடதாசி வளையம் வைப்பார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பக்கிங் என்று பெயர். மூடியை நெம்பித் திறந்தபோது பக்கிங் கிழிந்து, பாதி இரும்போடும் பாதி மூடியோடும் ஒட்டிக்கொண்டு போனது. எனக்கு அவசரம். மூடியைச் சுரண்டிக்கொண்டிருக்கப் பஞ்சிப்பட்டு, வாளியில் கோஸ்டிக் சோடாவைக் கரைத்து அதற்குள் இரவு போட்டுவிட்டேன். இரும்புக்குச் செய்யக்கூடியதை அலுமினியத்துக்குச் செய்யக்கூடாது என்பது பள்ளிக்கூடத்து இரசாயனம். வாளி பொங்கியது. ஹைட்ரஜன். காலையில் எடுத்தபோது மூடி கறுத்து, முகம் அரித்து, திருகாணித் துளைகள் வாய் பிளந்திருந்தன. ஒட்டியிருந்த கடதாசி கூழாகிவிட்டது. கிழவர் பார்த்துவிட்டு, சவர்க்காரம் காய்ச்சப்போகிறாயா என்று மட்டும் கேட்டார்.

அன்று பின்னேரம் இரும்பின் பக்கத்து முகத்தைத் துடைத்தேன். கடையில் வாங்கிய பக்கிங்குக்கு அப்படியொரு நிறமில்லை. மண்ணெண்ணெய் பட்டதும் எண்ணெய்க் கறுப்பு விலகி மண்சிவப்பு மை தெரிந்தது. அதன் மேல் எழுத்து. தமிழ் எழுத்து. விரலகல வளையத்தில் வெட்டுப்பட்ட துண்டுகள்: ஒரு 'ம்', ஒரு கொம்பு, பிறகு வாலொடிந்த ஒரு 'ழு'.

அந்த 'ழு'வை எனக்குத் தெரியும். எண்பதுகளில் நாங்கள் நாலுபேர் நடத்திய சஞ்சிகையை அச்சடித்த அச்சகத்தில் இருந்த மர எழுத்து அது. வால் ஒடிந்ததை மாற்றக் காசில்லாமல் அட்டைக்கு அட்டை அதையே கோத்தோம். ஏழு இதழ்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை அண்ணைக்குத் தபாலில் அனுப்பினேன். கடைசி இதழ் 1989இல். அவரிடமிருந்து வந்த ஒரேயொரு பதில்: "தம்பி, உந்தப் பேப்பருக்குச் செலவழிக்கிற காசை அம்மாவிட்டைக் குடு." உறையைக்கூட உடைத்திருக்கமாட்டார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

கார் வந்தது 1993இல். பக்கிங் வெட்டியது அதற்குப் பிறகு. ஆக, குறைந்தது நாலு வருஷம் அந்த இதழை வைத்திருந்திருக்கிறார். இரண்டு வீடு மாறியும் எறியவில்லை. பிறகு ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்திருக்கிறார். வாசித்தாரா? அட்டை நல்ல தடிப்பு என்பதற்காக மட்டும் வைத்திருந்தாரா? வெட்டும்போது சிரித்தாரா, கோபமா? எந்த இதழ் என்பதையாவது மற்றப் பாதி இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். அதை நான் சோடாவில் கரைத்துவிட்டேன்.

துளைகளை அவர் சரியாக எடுத்திருந்தார். ஓரம் பிசிறில்லை. எங்கள் ஊர் மெக்கானிக்குகள் செய்வதுபோல அட்டையை முகத்தின் மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி அச்செடுத்திருக்கவேண்டும். அந்தப் பொருத்துக்குக் கீழே எண்ணெய் வழிந்த தடமே இல்லை. அழுக்கெல்லாம் முன்பக்கத்து வாயிலிருந்து வந்தது.

இரும்பு முகத்தில் பழைய பக்கிங்கில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் புதியது இருக்காது. சவர அலகால் சுரண்டவேண்டும். இரண்டு நாள் அதைத் தொடாமல் கியர்பொக்ஸைத் துலக்கிக்கொண்டிருந்தேன். கிழவருக்கு நான் விளக்கவில்லை. படம் பிடித்து வை என்று சொல்லியிருப்பார். மூன்றாம் நாள் சுரண்டினேன். 'ழு' கடைசியாகப் போனது.

பெயின்ற் அடிப்பது இலேசு. அதற்கு முன் கறளைக் கம்பித் தூரிகையால் எடுத்து, மிஞ்சியதைப் பொஸ்பாரிக் அமிலத்தால் இறுக்கி, தின்னரால் துடைத்து, அதன்பின் வெறுங்கை படாமல் பார்க்கவேண்டும். இரும்புக்குக் கறுப்பு. அலுமினியத்தை அப்படியே விடு என்றார் கிழவர்; நான் கேட்கவில்லை. பழஞ்சாமான் கடையில் வாங்கிய வேறொரு மூடிக்கு வெள்ளி நிறம் பூசினேன். பொருந்தும் முகங்களுக்கு மட்டும் பெயின்ற் படக்கூடாது. இரண்டு முகங்களுக்கிடையே பெயின்ற் இருந்தால், முறுக்கிய திருகாணி நாளடைவில் தளரும். அழகுக்கு அடித்த பூச்சே பிடிப்பைக் கெடுக்கும். எங்கள் வட்டத்து உரைநடையில் எனக்குள்ள முறைப்பாடும் ஏறத்தாழ இதுதான், ஆனால் அதை ஆசிரியர் கேட்ட மற்றக் கட்டுரைக்கு வைத்துக்கொள்கிறேன். டிபரென்ஷியலை யாரும் பார்க்கப்போவதில்லை. 2013இல் வாகனத்தைச் சோதித்த அதிகாரி வெளியே நீட்டும் விளிம்புகள் இரண்டரை மில்லிமீற்றர் வளைவாவது கொண்டிருக்கின்றனவா என்றுதான் பார்த்தார். கீழே குனிந்து நிறம் பார்க்கவில்லை.

வயதையும் மூலத்தையும் நிரூபிக்கமுடியாத காருக்கு 'க்யூ' என்று தொடங்கும் இலக்கம் கொடுப்பார்கள். பழைய காரொன்றின் பிரதான பாகங்கள் இரண்டாவது இருப்பதைக் காட்டினால் அந்தக் காரின் வயதுக்குரிய இலக்கம் கிடைக்கும். அண்ணி பதிவுப் புத்தகத்தைத் தேடித் தந்தா. அண்ணையின் பெயர், கையெழுத்து. 'எஃப்' என்று தொடங்கும் இலக்கம் கிடைத்தது.

மூடிக்குக் கடைப் பக்கிங்தான் வைத்தேன். ஆறு மாதத்தில் கசியத் தொடங்கியது. மூச்சுத்துளையையும் சேர்த்துப் பெயின்ற் அடித்தாயா என்று கிழவர் கேட்டார். சூடேறும் காற்றுக்கு வழியில்லாவிட்டால் அது எண்ணெயைத்தான் வெளியே தள்ளும். ஊசியால் குத்தித் திறந்தேன். குறைந்தது, நிற்கவில்லை. கராஜில் அதற்குக் கீழே ஒரு பழைய பேக்கிங் தட்டு வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருக்கால் ஊற்றிக் கழுவவேண்டியிருக்கிறது.