ஓய்வா, சிறையா?

என் மூத்த பெண் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். அவளுக்குப் பாடமாக வந்த ஓர் அமெரிக்கக் கதையை எனக்குத் தமிழில் சொன்னாள். கேட்ட அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. பிள்ளை பெற்றவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பெயர் 'மஞ்சள் சுவர்க் காகிதம்'. சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற பெண்மணி எழுதி 1892-ல் வெளிவந்தது.

கதாநாயகி கைக்குழந்தைக்காரி. பிரசவத்துக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகை, அசதி. புருஷன் டாக்டர். கெட்டவன் இல்லை, பிரியமானவன்தான். ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு பெரிய பங்களாவை மூன்று மாதத்துக்கு வாடகைக்கு எடுக்கிறான். ரோஜாக்கொடி படர்ந்த கீழ் அறை வேண்டும் என்று அவள் கேட்கிறாள். அவனோ மாடி அறையில் வைக்கிறான். ஜன்னலுக்கெல்லாம் கம்பி, கட்டில் தரையோடு ஆணியடித்தது. குழந்தைக்கு ஓர் ஆள், வீட்டுக்கு நாத்தனார். எழுதக் கூடாது. சொந்தக்காரர்களைப் போய்ப் பார்க்கிறேன் என்று கெஞ்சினாலும் விடவில்லை.

நாள் முழுக்க அவள் எதைத்தான் பார்ப்பாள்? சுவரில் ஒட்டிய மஞ்சள் பூக்காகிதத்தைத்தான். நாளாக ஆக அந்தப் பூவேலை நிலா வெளிச்சத்தில் கம்பியாகத் தெரிகிறது. கம்பிக்குப் பின்னால் ஒருத்தி அடைபட்டு உலுக்குகிறாள்! அவளை விடுவிக்கக் காகிதத்தைக் கிழிக்கிறாள். கடைசியில் அவளே தானாகிவிட்டதாக நினைத்து, சுவர் ஓரமாகத் தவழ்ந்துகொண்டே இருக்கிறாள். பார்த்த புருஷன் மயங்கி விழ, அவன் மேலேயே ஏறித் தவழ்கிறாள்.

இது வெறும் கற்பனை இல்லையாம். கில்மனுக்கு 1885-ல் பெண் குழந்தை பிறந்தது. மனச்சோர்வு தீராமல் 1887-ல் வேர் மிட்செல் என்ற பிரபல வைத்தியரிடம் போனார். படுக்கை, பால், கொழுத்த சாப்பாடு, உடம்பு பிடித்துவிடுதல் இதுதான் அவருடைய வைத்தியம். இனிமேல் பேனாவையே தொடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். அப்படி இருந்ததில் புத்தி பேதலிக்கும் நிலைக்கே போய்விட்டதாகக் கில்மன் பிற்பாடு எழுதினார். மறுபடி வேலையில் இறங்கிய பிறகுதான் தேறினார். கதையின் பிரதியை அந்த வைத்தியருக்கே அனுப்பினார்; பதில் வரவில்லை.

என் இரண்டாவது பிரசவத்தில் பத்தியம், எண்ணெய்க் குளியல் எதற்கும் குறைவில்லை. பேசத்தான் ஆளில்லை. பக்கத்து வீட்டு மாமி மட்டும் மத்தியானத்தில் முருங்கைக்கீரையோடு வந்து உட்காருவாள். எனக்கும் ஒரு பிடி கொடுத்து ஆயச் சொல்லுவாள். ஒரு நாள், "குழந்தை இருக்கட்டும், உனக்கு மனசு எப்படிடீ இருக்கு?" என்றாள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அழுது தீர்த்தேன். பாரம் பாதி இறங்கியது.

பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, தூக்கமும் பசியும் போய்க் குழந்தை மேல் ஒட்டுதல் வராவிட்டாலோ, அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இல்லாதது தெரிகிறது, கேட்கிறது என்றாலும், உயிரை விடணும் என்ற பேச்சு வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்கெல்லாம் இன்று நல்ல வைத்தியம் இருக்கிறது. பேயும் இல்லை, திமிரும் இல்லை.

பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு அவசியம்தான். ஆனால் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வேணும் என்று அவளையே கேளுங்கள். கீழ் அறை வேணும் என்றால் கீழ் அறையையே கொடுத்துவிடுங்களேன்!