வெறுங்குடல் தந்த பாடம்

கல்லூரி நாட்களில், குளத்தில் வலையிட்டுப் பிடித்த நீர்ப்பூச்சிகளின் குடலைப் பிரித்து நுண்ணோக்கியில் ஆராய்ந்ததுண்டு. எவ்வுயிர் எதை உண்டது எனக் குறிப்பதே எனக்கிட்ட பணி. நீரில் வளரும் தும்பிக் குஞ்சின் குடலில் கொசுப் புழுக்களின் தலையோடுகள் செரியாமல் கிடந்தன. மல்லாந்து நீந்தும் பூச்சியொன்றின் குடலிலோ எதுவுமே புலப்படவில்லை. ‘இரையுண்ணவில்லை’ என்று எழுதிவிட்டேன்.

பேராசிரியர் புன்னகைத்தார். “தம்பி, அது கடித்து விழுங்குவதன்று. கூரிய அலகால் இரையைக் குத்தி, உமிழ்நீரால் உள்ளுறுப்புகளைக் கரைத்துச் சாற்றை உறிஞ்சுவது. சாற்றுக்குத் தலையேது, ஓடேது?”

குளத்தின் கொடிய வேட்டைக்காரனுக்கு நோன்பாளிப் பட்டம் சூட்டியிருந்தேன்!

குடல் காட்டுவது எஞ்சியதை மட்டுமே. கடினமான ஓடு நிலைக்கிறது. மென்மையான தசை விரைவில் கரைந்துவிடுகிறது. இன்று குடலில் எஞ்சிய மரபணுத் துணுக்குகளைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இரையையும் இனங்காண்கிறார்கள். அப்போதும் அவ்விரையை அப்பூச்சியே கொன்றதா, செத்துக் கிடந்ததைத் தின்றதா என்பதைத் துணுக்குகள் சொல்வதில்லை.

கண்டதை வைத்துப் பிறரைப் பற்றித் தீர்ப்புரைக்க நா எழும்போதெல்லாம் அந்த வெறுங்குடல் நினைவில் வருகிறது. நுணுகி ஆய்ந்து தீர்ப்பளித்த பின்னும் ‘அல்லாஹு அஃலம்’ என்று முடித்த நம் ஆலிம்களின் அடக்கம் எனக்கு அன்றுதான் விளங்கிற்று.