தேய்ந்த கித்தாரின் நாதம்

சில ஆண்டுகளுக்கு முன், நம் பங்கின் பாடகர் குழுவில் கித்தார் வாசித்துவந்த இளைஞன் ஒருவனைக் கடிந்துகொண்டோம். ஞாயிறு திருப்பலி முடிந்து கருவிகளை எடுத்துவைக்கும் வேளையில், மின்கித்தாரை உரக்க அலறவிட்டு அவன் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தான். “இது ஆலயம், இந்த இரைச்சலுக்கு இங்கே இடமில்லை” என்றோம். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். “இந்த ராக் இசையில் கூச்சலைத் தவிர வேறென்ன இருக்கிறது?” என்றும் சேர்த்துக் கேட்டுவிட்டோம். அவன் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் மாலை பங்கு இல்லத்துக்கு வந்து, மேசைமேல் ஒரு பென்டிரைவை வைத்து, “ஒருமுறை கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க ஃபாதர்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அது இழுப்பறைக்குள் பல மாதங்கள் கிடந்தது. தவக்கால இரவொன்றில், மறுநாள் மறையுரைக்கு ஒரு வரியும் பிடிபடாத சலிப்பில், அதை எடுத்துக் கேட்டோம். அதில் இருந்தவர் ரோரி கேலஹர் என்னும் அயர்லாந்து நாட்டுக் கித்தார் கலைஞர். 1974 சனவரியில் பெல்பாஸ்ட், டப்ளின், கார்க் ஆகிய மூன்று நகர்களின் மேடைகளில் பதிவுசெய்யப்பட்ட இசைத்தொகுப்பு அது.

நமக்குக் கித்தார் அறவே தெரியாததன்று. குருமடத்தில் நான்கு கார்டுகள் கற்றுக்கொண்டு, அவற்றைக் கொண்டே வழிபாட்டுப் பாடல்கள் அனைத்தையும் ஓட்டிவிட்டவர் நாம். ஆகவே அவர் கைகள் என்ன செய்கின்றன என்பது ஓரளவு விளங்கியது. தொடக்கத்துப் பாடல்கள் புயல்போலத்தான் வந்தன. பிறகு ‘எ மில்லியன் மைல்ஸ் அவே’ என்னும் பாடல். அதன் நடுப்பகுதியில் எல்லாம் அடங்குகிறது. தந்தியை மீட்டும்போது ஒலியளவுக் குமிழைக் குறைத்து வைத்து, மீட்டிய பிறகு மெல்லக் கூட்டுகிறார். எனவே மீட்டிய ஓசை காதில் படாமல், வில்லால் இழைத்த வயலின்போல நாதம் மட்டும் எங்கிருந்தோ எழுந்து வருகிறது. கூச்சல் என்று நாம் சொன்ன சொல் அப்போது நம் நெஞ்சில் குத்தியது. அதே தொகுப்பில் துணைக்கருவிகள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, உலோக உடல் கொண்ட நேஷனல் கித்தாரையும் வாய் ஆர்மோனிக்காவையும் மட்டும் வைத்துக்கொண்டு, திண்ணையில் அமர்ந்து பாடும் கிராமத்தான்போல ஒரு பாட்டு. இரண்டும் ஒரே ஆள், ஒரே மேடை!

இந்தப் பன்முகத் திறம் எங்கிருந்து வந்தது? 1948இல் பாலிஷானன் என்னும் சிற்றூரில் பிறந்து, டெர்ரியிலும் பின்னர் கார்க் நகரிலும் வளர்ந்தவர் கேலஹர். பதின்பருவத்திலேயே ‘ஷோபேண்டு’ எனப்படும் நடன இசைக்குழுவில் சேர்ந்தார். அக்குழுக்கள் மக்கள் கேட்பதையெல்லாம் வாசித்தாக வேண்டும்: வானொலியில் அந்த வாரம் ஒலித்த பாட்டு, அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு, அயர்லாந்தின் மரபு நடனம். (தவக்காலத்தில் அயர்லாந்தின் நடனக்கூடங்கள் மூடப்படும், ஆதலால் அந்த நாற்பது நாளும் பிழைப்புக்காக இக்குழுக்கள் கடல்கடந்து இங்கிலாந்துக்குப் போகும். நம் வாசகர்களுக்கு இது சுவையான செய்தியாக இருக்கும்.) விரும்பாததையும் வாசித்துப் பழகிய கை அது. மாண்டலின் மீட்டி, கேட்போர் காலால் தாளமிட, அவர் பாடிய பாடல் 1972இல் வெளியான ‘லைவ் இன் யூரோப்’ தட்டில் இருக்கிறது. 1970இல் வந்த ‘ஆன் தி போர்ட்ஸ்’ தட்டில் சாக்ஸபோனும் ஊதியிருக்கிறார். விரலில் குழாயொன்றை மாட்டித் தந்திமேல் வழுக்கிச் செல்லும் ‘ஸ்லைடு’ முறையிலும் வல்லவர். கோட்டுவாத்தியம் கேட்ட நம் காதுக்கு அந்தக் கமகம் அந்நியமாகத் தோன்றாது.

ஆயினும் பலவற்றை வாசிப்பவர் பலர் உண்டு. எதை வாசித்தாலும் இன்னார் என்று இரண்டே ஸ்வரங்களில் தெரிந்துவிடும் நாதம் சிலருக்கே வாய்க்கிறது. 1963இல், பதினைந்து வயதில், கார்க் நகரக் கடையொன்றில் ஏறத்தாழ 100 பவுண்டு விலையுள்ள ஃபெண்டர் ஸ்ட்ரேட்டோகாஸ்டர் கித்தாரை அவர் தவணைக்கு வாங்கினார். 1961இல் செய்யப்பட்ட அக்கருவியே இறுதிவரை அவருடைய முதற்கருவி. ஒருமுறை டப்ளினில் அது களவுபோய், சில நாள் கழித்து மழையில் நனைந்து கிடந்த நிலையில் கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் அவருடைய வியர்வை ஊறி, அதன் வண்ணப்பூச்சு உரிந்து, வெறும் மரமாகவே ஆகிவிட்டது. எழுபதுகளின் முற்பகுதியில் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயரும், உச்ச ஒலியைக் கூட்டித்தரும் சிறு பெட்டியொன்றுமே அவருடைய துணைச்சாதனங்கள். மற்றவையெல்லாம் விரல்வேலை. மீட்டும் வில்லையோடு கட்டைவிரல் ஓரத்தையும் தந்தியில் உரசவிடுவார். சீழ்க்கைபோல ஒரு மேல்நாதம் கிளம்பும். பாலத்தருகே மீட்டினால் கூர்மை, கழுத்தருகே மீட்டினால் குழைவு. வாசித்துக்கொண்டே குமிழைத் திருகி நாதத்தின் நிறத்தை மாற்றுவார். குரலைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. அது உண்மையான குரல், ஆனால் பெரிய குரலன்று. பாடல்வரிகளிலும் நமக்குப் பெரிதாக ஒன்றும் தென்படவில்லை.

இத்தகையவர் பெயர் ஏன் எரிக் கிளாப்டன், ஜிம்மி பேஜ் பெயர்களைப்போல் நம்மவர் வரை எட்டவில்லை? அவர் வேண்டாம் என்றவை அத்தனை. தனிப்பாடல் தட்டுகளை வெளியிட மறுத்தார். பிரிட்டனில் அன்று தொலைக்காட்சிக்கும் பெரும்புகழுக்கும் அதுவே வாசல். 1975இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் புதிய கித்தார் கலைஞரைத் தேடியபோது ராட்டர்டாம் நகருக்குப் போய் அவர்களோடு வாசித்தார். ஜப்பானில் தமக்கு நிகழ்ச்சிகள் இருந்தன, கிளம்பிவிட்டார். சான் பிரான்சிஸ்கோவில் பதிவுசெய்து முடித்த இசைத்தட்டு ஒன்றை மனநிறைவில்லை என்று கைவிட்டார். அது அவர் மறைந்தபின் 2011இல்தான் வெளிவந்தது. இதையெல்லாம் பற்றின்மை என்று புகழ நமக்குத் தயக்கமுண்டு. பிடிவாதமும் அதில் இருந்திருக்கும்.

பெல்பாஸ்ட் விவகாரம் வேறு. எழுபதுகளில் அந்நகர் கத்தோலிக்கர், புரோட்டஸ்டண்டினர் என்று பிளவுண்டு, குண்டுவெடிப்புகளால் நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியூர் இசைக்குழுக்கள் பெரும்பாலும் வர அஞ்சின. கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளையான கேலஹர் திரும்பத் திரும்ப அங்குள்ள அல்ஸ்டர் ஹாலுக்கு வந்தார். மேடையில் அரசியல் பேசவில்லை, ஒப்புரவு பற்றி உரையாற்றவுமில்லை. வந்து வாசித்தார், இருதரப்பு இளைஞரும் ஒரே கூடத்தில் தோளோடு தோள் நின்று கேட்டார்கள். ஒப்புரவைப் பற்றி எத்தனையோ மறையுரை ஆற்றிய நாம், இந்த இடத்தில் பதிவை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் வெறுமனே அமர்ந்திருந்தோம். அக்கூடத்தின் அருகே 2025 சனவரியில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

முடிவு துயரமானது. விமானப் பயண அச்சத்துக்காக உட்கொண்ட மருந்துகளும் மதுவும் சேர்ந்து ஈரலைக் கெடுத்தன. ஈரல் மாற்று சிகிச்சைக்குப்பின் தொற்று ஏற்பட்டு, 1995 சூன் 14இல் லண்டனில் இறந்தார், வயது 47. கார்க் நகரில் அடக்கத் திருப்பலியன்று ஆயிரக்கணக்கானோர் தெருக்களில் நின்றனர். அந்தத் தேய்ந்த கித்தார் 2024 அக்டோபரில் ஏலத்துக்கு வந்தபோது 8,89,400 பவுண்டுக்குப் போயிற்று. வாங்கியவர்கள் அதை அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு அளிக்க முன்வந்தனர்.

நம் இளைஞனிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று அந்த இரவே எண்ணினோம். அதற்குள் அவன் வேலைக்காக ஓசூர் போய்விட்டிருந்தான். அடுத்த கிறிஸ்து பிறப்புக்கு ஊர் வந்தவன், நள்ளிரவுத் திருப்பலியில் கடைசி வரிசையில் நின்றான். திருப்பலி முடிந்ததும் அழைத்து, அன்று நாம் சொன்னது தவறு என்றோம். சிரித்தான். “எந்தப் பாட்டு புடிச்சுது ஃபாதர்?” என்று கேட்டான். சொன்னோம். பாடகர் குழுவின் கித்தாரை வாங்கி, ஆம்ப்ளிஃபயரை மிகத் தாழ்வாக வைத்து, கூட்டம் கலைந்த ஆலயத்தில் குடில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, அந்த நடுப்பகுதியை வாசித்துக் காட்டினான். இரண்டு இடத்தில் தடுமாறினான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.