ஏழு படிப் பொம்மைகள்

ஜப்பானில் எடுத்த படங்களை ஆல்பத்தில் ஒட்ட உட்கார்ந்தால் ஃபூஜி மலையெல்லாம் பின்னுக்குப் போய்விடுகிறது. அதை யார் எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். தபால் அட்டையாகவே வாங்கிவிடலாம். கியோட்டோவில் ஒரு வீட்டு வாசலில் வரிசையாக இருந்த செருப்புகள் எந்தக் கடையில் கிடைக்கும்? கழற்றிய செருப்பைத் தெருவைப் பார்த்தபடி திருப்பி வைப்பது அங்கே மரியாதை. போகும்போது அப்படியே காலை நுழைத்துக் கொள்ளலாம் பாருங்கள்! முதல் பக்கம் அந்தப் படத்துக்குத்தான்.

அடுத்த நான்கு பக்கங்களும் 'ஹினமத்சுரி' பண்டிகைக்கு. மார்ச் 3-ஆம் தேதி, பெண் குழந்தைகள் நலமாக வளர வேண்டும் என்று கொண்டாடுகிறார்கள். சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மைகள்! நம் கொலு ஞாபகம் வராமல் இருக்குமா? ஆனால் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் கிரிக்கெட் வீரரை நிறுத்தும் சுதந்திரம் அங்கே இல்லை. முழு வரிசை என்றால் ஏழு படி, 15 பொம்மைகள். உச்சியில் சக்கரவர்த்தியும் சக்கரவர்த்தினியும்; பிறகு மூன்று சேடியர், ஐந்து வாத்தியக்காரர்கள், இரண்டு மந்திரிகள், மூன்று ஏவலாட்கள். கடைசி இரண்டு படிகளில் குட்டி அலமாரி, பல்லக்கு, மாட்டு வண்டி – சாட்சாத் கல்யாணச் சீர்வரிசைதான்!

கியோட்டோவில் சக்கரவர்த்தி நமக்கு வலப்புறம் இருப்பார். டோக்கியோ பக்கம் இடப்புறம். படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டால் ஊரே மாறிப்போகும்!

சாப்பாட்டுப் படத்தில் சிப்பி சூப்பும் இருக்கிறது. ஒரு சிப்பியின் ஓடு தன் ஜோடியைத் தவிர வேறெதனுடனும் பொருந்தாதாம். நல்ல தாம்பத்தியத்துக்கு அடையாளம் அது.

பண்டிகை முடிந்தும் பொம்மைகளை எடுக்காமல் விட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்பார்கள். அந்த வீட்டு அம்மாளின் மகளுக்கு முப்பத்து நாலு வயது, ஒஸாகாவில் உத்தியோகம், கல்யாணம் ஆகவில்லை. "வருஷா வருஷம் அன்று ராத்திரியே எடுத்து வைத்துவிடுகிறேன்!" என்று அம்மாள் சிரித்தார்.

மகள் பிறந்தபோது தாய்வீட்டிலிருந்து வந்த பொம்மைகள் அவை. இப்போது சின்ன ஃபிளாட்டுக்குக் குடிபோகப் போகிறார்கள். ஏழு படிக்கு அங்கே ஏது இடம்? வகயாமாக் கடலோரத்தில் அவாஷிமா கோயில் இருக்கிறது. வேண்டாத பொம்மைகளை அங்கே ஒப்படைக்கலாம். மார்ச் 3-ஆம் தேதி சிலவற்றைப் படகிலேற்றிக் கடலில் விடுவார்கள். "அங்கேதான் அனுப்ப வேண்டுமோ என்னவோ. எல்லாப் படியும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள், எனக்கும் ஒரு பிரதி வேண்டும்" என்றார்.

சாயங்கால ரயிலில் மகள் வந்தாள். பொம்மைகளின் முகத்தில் மெல்லிய காகிதம் சுற்றி, ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தாள். தன் முகம் படத்தில் வேண்டாம் என்றாள். கைகளை மட்டும் எடுத்தேன். உச்சிப் படி ஜோடியைத் தனியாக ஒரு துணியில் கட்டி, "இதை நான் கொண்டுபோகிறேன், அம்மா" என்றாள். அம்மாள் பதில் சொல்லாமல் தேநீர் ஊற்றினார்.

மற்றப் பதின்மூன்றும் என்ன ஆயின என்று கடிதம் வரவில்லை. அந்தப் படத்துக்கு அடியில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.