எண்ணுக்கு ஒரு வண்ணம்

எண் பார்த்து வண்ணம் தீட்டும் புத்தகங்களை இன்று நம் இல்லங்கள் பலவற்றில் காண்கிறோம். 1 என எழுதிய இடத்திற்கு மஞ்சள், 2 என எழுதிய இடத்திற்குப் பச்சை என்று பிள்ளைகள் நிரப்பிக்கொண்டே போகின்றனர். இப்படங்களை வீட்டிலேயே செய்யலாம் என்பதே நாம் கூற விழைவது. செய்ய வேண்டியவர் பெற்றோர் அல்லர், மூத்த பிள்ளை.

இம்முறை முதலில் பரவியது பெரியோரிடையே. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பெயின்ட் நிறுவனமொன்றில் பணியாற்றியவர் டான் ராபின்ஸ். லியொனார்தோ தா வின்சி தம் மாணாக்கர்க்கு எண்ணிட்டு வேலையைப் பகிர்ந்தளித்தார் எனக் கேள்வியுற்றதே தமக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது என்று அவர் கூறியதுண்டு. 1951-இல் விற்பனைக்கு வந்த அவ்வோவியப் பெட்டிகள் அந்நாடெங்கும் பரவின. இது கலையா, எந்திர வேலையா என விமர்சகர் எள்ளினர். அதில் உண்மை இல்லாமலில்லை. பிறர் இட்ட எண்ணையே நிரப்பிப் பழகிய கை, வெற்றுத்தாளைக் கண்டால் அஞ்சும். "எனக்கு வரைய வராது" என்று ஏழெட்டு வயதிலேயே சொல்லும் பிள்ளைகளை நாம் அறிவோம். ஆனால் எண் பார்த்து நிரப்புவது வேறு, எண்ணிடுவது வேறு. எண்ணிடுபவர் முதலில் உற்றுப் பார்க்க வேண்டும்.

சேவல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரைய வராதெனில், ஒரு படத்தை வெயில் படும் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே தாளை வைத்துப் படியெடுக்கலாம். பின்னரே உண்மையான வேலை. வால் கறுப்புத்தானா? கூர்ந்து நோக்கினால் கரும்பச்சையும் நீலமும் மின்னும். ஒரு நிறம் முடிந்து மறு நிறம் தொடங்கும் இடத்திலெல்லாம் கோடு. துவரம்பருப்பினும் சிறிய இடத்தில் கிரேயான் நுழையாது. அதனை அண்டை இடத்தோடு சேர்த்துவிட வேண்டும். ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் இடைக்கோட்டை அழித்துவிடலாம். ஆறு வண்ணம் போதும். எண்களைப் பென்சிலால் மெல்லியதாக எழுதுவது நன்று. மஞ்சள் எதனையும் மறைக்காது. வாய்ப்பாடு படிக்கும் தம்பிக்கு 6 என்பதற்குப் பதில் 2×3 என எழுதலாம். கணக்கு மிகுந்தாலோ படம் தேர்வுத்தாளாகிவிடும், தம்பியும் ஓடிவிடுவான்! இன்று கைபேசியே நிழற்படத்தை நொடியில் பிரித்து எண்ணிட்டுத் தருகிறது. வசதிதான், ஆனால் அங்கே பார்த்தது கைபேசி, பிள்ளையன்று.

அண்மையில் வீடு சந்திக்கச் சென்ற இடத்தில், ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தம்பிக்காகச் சேவல் படம் செய்துகொண்டிருந்தாள். மூன்று முறை எழுந்து முற்றத்திற்குச் சென்று, அங்கு மேய்ந்த சேவலைப் பார்த்து வந்தாள்.

"கடையிலேயே கிடைக்கிறதே, ஏன் இந்தப் பாடு?" என்றார் தாய்.

"அதுல நம்ம சேவல் இல்லையே அம்மா."

தரைக்கு மட்டும் அவள் எண் இடவில்லை. தம்பி காரணம் கேட்டான். "அது உன் இஷ்டம்டா" என்றாள். அவன் நெடுநேரம் கிரேயான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பின் நீலத்தை எடுத்தான். மழை பெய்திருக்கிறதாம்.